பஞ்சமியும் கிளுவை வேலியும்

நடராசா கொடுவாக்கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வேலியோரமாக நடந்தார். நாலடி நடப்பார், நிற்பார், கத்தியின் முதுகால், வேலியாக நட்டுத் துளிர்த்த ஒரு கிளுவைக் கதியாலைத் தட்டிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்கிவிட்டு மேலே நடப்பார். சந்தையில் கிடாய்க்குப் பல் பிடித்துப் பார்க்கிறவரின் நடை அது. அவருக்குப் பின்னால் ஏழெட்டு ஆண்கள் கைகளை முதுகில் கட்டிக்கொண்டு, அவர் நின்றால் நின்று, நடந்தால் நடந்து, உண்மையான ஊர்வலம் தொடங்குவதற்கு முன்பே ஒரு சின்ன ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

முன்னறையில், பெட்டியின் தலைமாட்டில் இருந்த ஞானாம்பிகைக்கு யன்னலால் எல்லாம் தெரிந்தது. இடையில் ஒரு சித்தி முறைக்காரி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என்ரை ராசாத்தி, உன்னைத் தனிய விட்டிட்டுப் போட்டாரே" என்று குழறினாள். ஞானாம்பிகை அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அண்ணன் நடராசா மூன்றாவது தரமும் அதே இடத்தில் நின்றுவிட்டார்.

"கொஞ்சம் தள்ளியிருங்கோ, தெரியேல்லை" என்றாள் ஞானாம்பிகை.

புருசன் முகத்தைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துப் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். அந்த வார்த்தையைக் கேட்டு இரண்டு பேர் புதிதாக அழத் தொடங்கினார்கள்.

பெட்டிக்குள் சோமசேகரம் பட்டு வேட்டியும் சால்வையுமாக, நெற்றியில் திருநீறு மூன்று குறியும் பிசகாமல் ஓட, படுத்திருந்தார். அந்தக் குறிகளை மட்டும் ஞானாம்பிகை வேறு ஒருவரையும் விடாமல் தானே பூசினாள். கோணலாக இருந்தால் மனிசன் எழும்பிவிடும் என்ற பயம் அவளுக்கு.

விசயம் இதுதான். சோமசேகரம் பஞ்சமியில் செத்துப்போனார். பஞ்சமி என்றால் சாவுக்கு ஆகாத நட்சத்திரங்கள் அடுத்தடுத்து வருகிற காலம். அதற்குள் உயிர் போனால் பிரேதத்தை வெளிவாசல் படலையால் கொண்டுபோகக் கூடாது. வேலியை வெட்டி, பொட்டு என்கிற இடைவெளி வைத்து, அதற்குள்ளால் எடுத்து, சுடலைக்குப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் அந்தப் பொட்டை அடைத்துவிட வேண்டும். செத்தவர் திரும்பி வந்து எங்கே தடவிப் பார்த்தாலும் வழி பிடிபடாது. பிடிபட்டால் ஆறு மாதத்துக்குள் அந்த வீட்டிலிருந்து இன்னொருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஊரில் எல்லோரும் இதை நம்புவதில்லை. ஆனால் எல்லோரும் செய்வார்கள்.

செய்ய வேண்டிய முறையைச் சொல்வதற்கு ஞானாம்பிகையின் சொந்தத் தமையன் நடராசா இருந்தார். ஊரில் எந்தச் செத்தவீட்டிலும் பறை மேளம் வருவதற்கு முன்பே அவர் வந்துவிடுவார். பந்தல் எங்கே போடுவது, பெட்டி எந்தப் பக்கம் தலை வைப்பது, யார் முதலில் அழுவது என்பது எல்லாம் அவர் கணக்கு. சொந்தத் தங்கச்சி வீட்டிலேயே பஞ்சமி வாய்த்தது அவருக்குத் துக்கமும், துக்கத்துக்குள் ஒரு சின்ன உற்சாகமும்.

மற்ற வீடுகளில் வேலி வெட்டுவது பெரிய காரியமில்லை. வீடும் கிணறும் நிற்கிற இந்த வளவில் மூன்று பக்கமும் அயலவர்களின் மதில். சின்னத் தெருவான ஒழுங்கைப் பக்கம் மட்டும்தான் வேலி. அந்த வேலி சோமசேகரத்தின் வேலி.

சோமசேகரம் அரசாங்கக் கந்தோரில் காணிப் படம் கீறுகிறவராக இருந்து ஓய்வுபெற்றவர். சண்டையில் இடம்பெயர்ந்து இருபது வருசத்துக்கு மேல் ஊரூராகத் திரிந்துவிட்டு, தெல்லிப்பழைக்குத் திரும்பிப் போகலாம் என்று ஆமி விட்டபோது, இருவரும் வந்து பார்த்தால் வளவு எது ஒழுங்கை எது என்று தெரியாத பற்றை. கிணற்றைக்கூடக் கல் எறிந்து, தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். வீடு இருந்த இடத்தில் ஒரு வேப்ப மரம் நின்றது. சோமசேகரம் முதலில் செய்த வேலை, நூல் பிடித்து வேலி நட்டதுதான். தறப்பாளுக்குக் கீழே குந்தியிருந்த ஞானாம்பிகை தலையில் அடித்துக்கொண்டாள்.

"மேலுக்குக் கூரை இல்லை. இவருக்கு வேலி!"

"எல்லை தெரியாமல் கூரையை எங்கை போடுறது?" என்று மட்டும் சொன்னார் அவர்.

பிறகு வீடு வந்தது, ஓடு வந்தது, மகளுக்குக் கலியாணம் வந்தது. வேலி மட்டும் ஒவ்வொரு நாளும் புதிதாக வந்துகொண்டிருந்தது. விடிந்தால் முக்காலியும் கையுமாகப் போய் வேலியின் அடியில் புல்லுப் பிடுங்குவார். அறுகை ஒரு பக்கம், கோரையை ஒரு பக்கம் போடுவார். கோரைக்கிழங்கை வேரோடு தலைகீழாக வெயிலில் பரப்பிவிட்டு, "கோரையும் உன்ரை சொந்தக்காரரும் ஒண்டு, ஞானம். பிடுங்கிப் போட்டன் எண்டு நம்பிப் போகேலாது" என்பார். அடி முடிந்தால் மேல். நெஞ்சளவு உயரத்தில், ஒரு கொழுந்து மற்றக் கொழுந்தைத் தாண்டாமல், பெரிய கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டே போவார். நறுக்கியதன்மேல் தடி ஒன்றை வைத்து, தடியின்மேல் நீர்மட்டத்தை வைத்து, அதற்குள் ஓடுகிற குமிழி நடுவுக்கு வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒழுங்கையால் போகிறவர்கள், "ஐயா, வேலிக்கு மேலை கரம்போட் வைச்சு விளையாடலாம் போல கிடக்கு" என்பார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

கோடையில் ஊர்க் கிளுவை எல்லாம் இலை கொட்டி விறகுக்கட்டாக நிற்கும். இவருடையது மட்டும் பச்சை. காரணம், அவர் வேலிக்குத் தண்ணீர் வார்த்தார். வாழைக்கு வார்க்கிற ஊரில், கத்தரிக்கு வார்க்கிற ஊரில், வேலிக்குத் தண்ணீர் வார்த்த ஒரே மனிதர். ஞானாம்பிகை அந்த வேலிக்கு 'மூத்தவ' என்று பெயர் வைத்திருந்தாள்.

"போங்கோ, உங்கடை மூத்தவ தேடுறா" என்பாள். "அவவுக்குத்தானே முதல் தண்ணி. நான் இளையவள், மிஞ்சினால் குடிக்கிறன்."

நேற்றுக் காலையும் மூத்தவளிடம்தான் போனார். ஒழுங்கைப் பக்கமாக முக்காலியில் இருந்து, முதுகை வேலியில் சாய்த்து, கையில் ஒரு கோரைக்கிழங்கோடு, தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு. அப்படியே செத்துப்போனார். ஒழுங்கையால் போன ஒருவருக்கும் அது தெரியவில்லை. எதிர் வீட்டு மிரியம் ரீச்சர் தன்னுடைய படலைக்கு வந்து காலை வணக்கம் சொன்னாராம், பதில் இல்லையாம்.

"நான் ஒண்டும் வித்தியாசமா நினைக்கேல்லை, ஞானம்" என்றார் ரீச்சர் பிறகு, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. "வேலை நேரத்திலை கர்த்தரே கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பாரார் எண்டுதானே நாங்கள் சொல்லுறனாங்கள். கூப்பிட்டே போட்டார் போல."

ஞானாம்பிகைக்கும் தெரியவில்லை. தேத்தண்ணீரோடு போனவள், ஆறுகிறது என்று சொன்னாள். இரண்டாம் தரம் சொன்னாள். பிறகு காது செவிடோ என்று தொடங்கி, கந்தோரில் வேலை பார்த்த காலம் வரை பின்னோக்கிப் போய், நன்றாகப் பேசித் தீர்த்தாள். காற்று வந்து தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அவர் அதைப் பிடிக்கக் கையை எடுக்காததைக் கண்டுதான் பேச்சை நிறுத்தினாள். கடைசியாகப் பேசியதை அவர் கேட்கவில்லை. மற்ற நாள்களிலும் கேட்பதில்லை என்பதால் இதில் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நேற்றிலிருந்து அதைப் பல தரம் சொல்லிக்கொண்டாள்.

ஆக, உயிர் போன நேரம் ஒருவருக்கும் தெரியாது. டொக்டர் 'காலையிலை' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பஞ்சமியோ காலை முடிகிற நேரத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு முதல் போயிருந்தால் படலை. பிந்திப் போயிருந்தால் வேலி. நடராசா நேற்றுப் பின்னேரமே பந்தலுக்குக் கீழே கதிரை போட்டு விசாரணை வைத்தார்.

"ரீச்சருக்கு வணக்கம் சொல்லேல்லைத்தானே" என்றாள் ஞானாம்பிகை முந்திக்கொண்டு. "அப்ப விடியவே, வெள்ளணவே போட்டார். பஞ்சமி இல்லை."

நடராசாவின் முகம் விழுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் பார்த்தீபன் வந்து சேர்ந்தான். தொண்டைமானாற்றிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் கொண்டுவருகிறவன். நாற்பது வயசு, ஆனால் எல்லோருக்கும் தம்பி. செத்தவீட்டுக்கு மீன் மணம் ஆகாது என்று படலைக்கு வெளியே தள்ளி நின்றுகொண்டு, அவன் உரத்துச் சொன்னான்.

"வெள்ளணப் போகேல்லை அம்மா! நான் பிந்தித்தானே வாறனான். என்னைப் பேசினவரே! 'உன்ரை ஓட்டைச் சைக்கிளை என்ரை வேலியிலை சாய்க்காதை' எண்டு. காதுக்குள்ளை நிக்குது."

நடராசா தொடையில் தட்டினார். "பாத்தியே! கதைச்சிருக்கிறார். பஞ்சமிதான்."

ஞானாம்பிகை வாழ்க்கையில் முதல் தரமாக மீன்காரன் ஒருவனைச் சபித்தாள். வாய்க்குள்தான்.

அதோடு விட்டிருக்கலாம். வேலியை வெட்ட விடமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றிருக்கலாம். ஆனால் பின்னறையில் உதயகலா இருந்தாள். ஒரே மகள், மாசமாக இருக்கிறாள். பிள்ளைத்தாய்ச்சி பிரேதத்தைப் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்தி உள்ளே வைத்துவிட்டார்கள். தகப்பனுக்காக அழுவதையும் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்துதான் அழுதாள். அவளுடைய புருசன் பிரகாஸும் பெட்டியைத் தொடக் கூடாது என்று விலக்கிவிட்டார்கள். பாங்கில் வேலை பார்க்கிற அந்தப் பொடியன், ஒன்றும் செய்ய விடாமல், வருகிறவர்களுக்குச் சோடாப் போத்தல் உடைத்துக் கொடுத்தே களைத்துப்போனான்.

இன்று காலை ஞானாம்பிகை கதவடியில் போய் நின்றாள்.

"அம்மா" என்றது கதவு. "மாமா சொல்லுறபடி செய்யுங்கோ."

"உனக்கு ஆர் சொன்னது?"

"எல்லாரும் கதைக்கிறது கேக்குதுதானே. ஆறு மாதமாம் அம்மா. எனக்குப் பயமாக் கிடக்கு. வேலிதானே. திருப்பி நடலாம்."

அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேலிதானே.

"ஓம் பிள்ளை. அழாமல் படு. வயித்துக்கு ஆகாது" என்றாள்.

அப்படித்தான் அவள் சம்மதித்தது. சம்மதித்துவிட்டு வந்து பெட்டியடியில் இருந்தாள். குருக்கள் வந்து கிரியை எல்லாம் முடித்து, அடுத்த இடத்தில் வேறு கிரியை காத்திருக்கிறது என்று மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். இனிப் பெட்டியை மூடி எடுப்பதுதான் மிச்சம். எடுப்பதற்கு வழி வெட்டுவதுதான் மிச்சம்.

யன்னலுக்கு வெளியே நடராசா கடைசியில் இடத்தைத் தீர்மானித்துவிட்டார். நடு வேலி.

"இதிலைதான் பெட்டி திரும்ப இடம் காணும்" என்று அவர் சொல்வது கேட்டது. "இந்தப் பத்துக் கதியாலும் எடுத்தால் போதும்."

"பிறகு எப்பிடி அடைக்கிறது, பெரிய மாமா?" இது பிரகாஸ், கையில் சோடாப் போத்தலோடு. "இந்தக் கோடைக்குக் கதியால் நட்டால் பிடிக்காதே."

"ஆர் கதியால் நடுறது? தகரம் கொண்டுவரச் சொல்லீட்டன். என்ரை வீட்டிலை ஒரு நல்ல தகரம் கிடக்கு."

தகரம் வந்தது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து வேலியில் சாய்த்தார்கள். எந்தக் காலத்திலோ மூடப்பட்ட கடை ஒன்றின் பெயர்ப்பலகை அது. கடும் நீலம். அதில் ஒரு பெரிய ஐஸ்கிறீம் கோப்பையும், அதற்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'குளு குளு' என்பதும் இருந்தன.

ஞானாம்பிகை எழும்பினாள்.

பெட்டியடியிலிருந்து புருசனை இழந்தவள் எழும்பிப் போவதென்பது நடக்கக்கூடாத விசயம். ஒப்பாரி பாதியில் நின்றது. "எங்கை போறாய்? எங்கையடி போறாய்?" என்று சித்தி முறைக்காரி சீலைத் தலைப்பைப் பிடித்தாள். தலைப்பை உதறிவிட்டு ஞானாம்பிகை விறாந்தையைத் தாண்டி, முற்றத்து வெயிலில் இறங்கி, வேலியடிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"அண்ணை, கத்தியைக் கீழை போடுங்கோ."

"நீ ஏன் எழும்பி வந்தனி? பெட்டியடியை விட்டு எழும்பப்படாது!"

"அவர் ஓடமாட்டார். கத்தியைப் போடுங்கோ."

"தங்கச்சி, காலமை ஓமெண்டனி."

"உந்தக் 'குளு குளு'வைக் காணமுதல் ஓமெண்டனான்."

"திருப்பி வைச்சால் எழுத்துத் தெரியாது" என்றார் நடராசா. "உள்ளுக்கு நிக்கிறவைக்குத்தான் தெரியும்."

"உள்ளுக்கு நிக்கிறது நான்தானே!"

பின்னால் நின்ற ஆண்களில் ஒருவர் இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றுவதில் செத்தவீட்டு ஆண்கள் கைதேர்ந்தவர்கள்.

நடராசா குரலைத் தாழ்த்தினார். "ஞானம், நீதானே பிள்ளை எத்தனை தரம் சொன்னனி, உந்த வேலியை ஒருநாளைக்கு எண்ணெய் ஊத்திக் கொளுத்துவன் எண்டு. எனக்கே சொன்னனி."

"ஓம், சொன்னனான். நான் கொளுத்துவன். நீங்கள் தொடப்படாது."

 நடராசா கத்தியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு, சொல்ல விருப்பமில்லாத ஒன்றைச் சொல்கிறவராக, வீட்டின் பின்னறைப் பக்கம் பார்த்தார்.

"அப்ப உள்ளுக்குக் கிடக்கிற பிள்ளைக்கு என்ன சொல்லப்போறாய்?"

 ஒரு பக்கம் கதவுக்குப் பின்னால் பயந்துபோய்ப் படுத்திருக்கிற மகள். மற்றப் பக்கம் பச்சைச் சுவராக நிற்கிற மூத்தவ. வெயில் உச்சியில் எரிந்தது. ஞானாம்பிகை வேலியைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். நடராசா ஒரு பெருமூச்சோடு கத்தியை ஓங்கினார்.

"ஞானம்! தேத்தண்ணி!"

வேலிக்கு அந்தப் பக்கம் மிரியம் ரீச்சரின் தலை தெரிந்தது. செத்தவீட்டில் அடுப்பு எரியாது. நேற்றிலிருந்து தேத்தண்ணீர் ரீச்சர் வீட்டிலிருந்துதான் வருகிறது.

"படலைக்குச் சுத்திவர ஏலாது, முழங்கால் நோகுது. இஞ்சை பிடியுங்கோ ஆராவது" என்று சொல்லிக்கொண்டே, ஒருவரும் பிடிப்பதற்கு முன், பெரிய கேத்திலைத் தூக்கி வேலிக்கு மேலே வைத்தார். அதற்குப் பக்கத்தில் தட்டத்தை வைத்தார். தட்டத்தில் இருந்த கோப்பைகள் கிணுங்கி அடங்கின. கேத்தில் வேலிக்கு மேலே, மேசையில் வைத்தது மாதிரி நின்றது. மூக்கால் ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை.

ஞானாம்பிகை கேத்திலைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அண்ணை" என்றாள். "மேலாலை எடுப்பம்."

"எதை?"

"இவரைத்தான். வேலிக்கு மேலாலை."

நடராசாவின் ஓங்கிய கை அப்படியே நின்றது. "உனக்கென்ன விசரே? வேலி பாயிறது கள்ளன்ரை வேலை. மரியாதையா வாழ்ந்த மனிசன்!"

"படலையாலை போகப்படாது, அவ்வளவுதானே?"

"ஓம், ஆனால் பொட்டு வைச்சு, பிறகு அடைச்சு..."

"ஏன் அடைக்கிறது? வழியை மறைக்கத்தானே. மேலாலை போனால் வழியே இல்லை. இல்லாத வழியை எப்பிடி அண்ணை கண்டுபிடிச்சு வாறது?"

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் இருந்தது. "எங்கடை ஆக்களுக்கு உந்தப் பஞ்சமி ஒண்டும் இல்லை, நேரே படலையாலைதான்" என்றார் மிரியம் ரீச்சர் வேலிக்கு அப்பாலிருந்து. "ஆனால் ஞானம் சொல்லுறது சரியாத்தான் படுது. தேத்தண்ணி ஆறுது."

நடராசா குருக்களுக்குத் தொலைபேசி எடுத்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார். குருக்கள் எங்கோ ஒரு சந்தியில் நின்றார். பஸ் ஒலி கேட்டது.

"மேலாலையோ?" என்றார் குருக்கள்.  "படலையாலை இல்லைத்தானே?"

"இல்லை ஐயா."

"வீட்டு வாசல் கதவு?"

"அதாலை வெளியிலை வரத்தானே வேணும் ஐயா."

"அது எல்லாருக்கும் உள்ளதுதான். பின்னையென்ன, மேலாலை கூடாதெண்டு நான் ஒரு இடத்திலையும் படிக்கேல்லை. கெதியா எடுங்கோ, வெயில் கொளுத்துது."

ஆனால் ஞானாம்பிகைக்குக் குருக்கள் சொன்னது போதவில்லை. அவள் அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் பின்னறை யன்னலடிக்குப் போனாள். யன்னல் கொஞ்சம் திறந்தது. உதயகலாவின் வீங்கிய கண்கள் தெரிந்தன.

"மாமா, மேலாலை எண்டால் சரியோ? உண்மையா?"

நடராசா தங்கச்சியைப் பார்த்தார். கையில் இன்னும் கத்தி இருந்தது. அதைப் பார்த்தார். அறுபது வருச அனுபவத்தில் அவர் இப்படி ஒரு முறையைக் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை.

"சரிதான் பிள்ளை" என்றார் கடைசியில். "பொட்டைவிட இது இன்னும் பாதுகாப்பு. அந்தக் காலத்திலை பெரிய ஆக்களை இப்பிடித்தான் எடுக்கிறது."

திரும்பி நடக்கும்போது, "எந்தக் காலத்திலை அண்ணை?" என்று ஞானாம்பிகை கேட்டாள்.

"பேசாமல் வா" என்றார் அவர்.

பெட்டியை மூடினார்கள். அந்த நேரம் நடப்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அதைச் சொல்ல வேண்டியதில்லை. கொள்ளி வைக்க வவுனியாவிலிருந்து வந்திருந்த, பெறாமகன் முறையான சகோதரர் மகன் கோகுலன் முன்னால் நடக்க, ஆறு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்கள். வேலிக்கு வெளியே இன்னொரு ஆறு பேர் வேண்டும். ஐந்து பேர்தான் இருந்தார்கள். படலையடியில் நின்ற பார்த்தீபன் தயங்கித் தயங்கி வந்தான்.

"மீன் மணக்கும், பறவாயில்லையோ?"

"அவருக்கு இனி மணக்காது. பிடி" என்றார் நடராசா. அவர் ஒழுங்கைக்குப் போய், நடுவில் நின்றுகொண்டு, வாகனம் பின்னுக்கு எடுப்பவனுக்குச் சைகை காட்டுகிறவர்போல இரண்டு கைகளையும் தூக்கினார். பறை மேளக்காரர் எப்போது அடிப்பது என்று தெரியாமல் குச்சியைத் தூக்கியபடி நின்றார்கள்.

"தூக்குங்கோ! இன்னும்! கால்மாடு முன்னுக்கு! தலைமாட்டை இறக்காதேங்கோ! மெல்ல... மெல்ல... விடுங்கோ! இல்லை, விடாதேங்கோ!"

உள்ளே நின்றவர்கள் 'விடுங்கோ' என்பதைக் கேட்டார்கள். வெளியே நின்றவர்கள் 'விடாதேங்கோ' என்பதைக் கேட்டு, இன்னும் தங்கள் முறை வரவில்லை என்று கைகளை நீட்டியபடியே நின்றார்கள். ஒரு கணம், பெட்டியை ஒருவரும் பிடித்திருக்கவில்லை.

ஞானாம்பிகை கண்ணை மூடினாள். விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தாள்.

பெட்டி வேலிக்கு மேலே இருந்தது. அந்தப் பக்கமும் சாயவில்லை, இந்தப் பக்கமும் சாயவில்லை. நெருக்கி நட்ட கதியால்களும், வருசக்கணக்காக நறுக்கி நறுக்கி இறுகிப்போன கொப்புகளும் அதைத் தாங்கிக்கொண்டு நின்றன.  பெட்டிக்கு மேலே வைத்த மாலை ஒன்று காற்றில் லேசாக ஆடியது.

நடராசா தூக்கிய கைகளை மெதுவாக இறக்கினார். இரண்டடி பின்னுக்குப் போனார். தலையை ஒரு பக்கம் சரித்து, ஒரு கண்ணை மூடி, வேலியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

"மட்டமாத்தான் நிக்குது" என்றார், ஒருவருக்கும் இல்லாமல்.

பெட்டியின் ஒரு மூலையைப் பிடிக்க நீட்டிய கையோடு பார்த்தீபன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான். இந்தப் பக்கம் ஞானாம்பிகை. இருவருக்கும் இடையில் பெட்டி. அவனுடைய முகம் என்னவோ போல மாறிக்கொண்டு வந்தது.

"அம்மா" என்றான் இரகசியமாக. "எனக்கு இப்பதான் யோசினை வருது."

"என்ன?"

"என்னைப் பேசினது நேற்றில்லை அம்மா. முந்தநாள். ஒவ்வொரு நாளும் பேசிறவர்தானே, மாறிப்போச்சு. நேற்று அவர் ஒண்டும் சொல்லேல்லை. நான் சைக்கிளை வேலியிலை சாய்ச்சுப்போட்டு எவ்வளவு நேரம் நிண்டனான். ஐயா மனம் மாறீட்டார், இனிப் பேசமாட்டார் எண்டு... சந்தோசமாப் போனனான்."

அவனுடைய கண்கள் நிறைந்துவிட்டன.

"அப்ப பஞ்சமி இல்லையே அம்மா. அதுக்கு முதலே எல்லோ... படலையாலையே எடுத்திருக்கலாம். உங்கடை அண்ணைக்குச் சொல்லட்டோ?"

ஞானாம்பிகை பெட்டியைப் பார்த்தாள். அது இன்னும் அசையாமல் இருந்தது, வீட்டுக்கும் ஒழுங்கைக்கும் நடுவில், இலைகளுக்கு மேலே, கொஞ்சம் ஆறுதலாக இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தது போல.

"தம்பி" என்றாள். "பெட்டியைப் பிடி."

"ஆனால் அம்மா..."

"பிடி எண்டனான்."

அவன் பிடித்தான். மற்ற ஐந்து பேரும் பிடித்தார்கள். பெட்டி வேலியை விட்டு எழும்பி ஒழுங்கைக்கு இறங்கியது. பறை அடிக்கத் தொடங்கியது. பிரகாஸ் வெறுங்கையோடு பின்னால் நடந்தான். ஒழுங்கையின் வளைவில் நடராசா முன்னுக்கு ஓடி, யாருக்கோ வழி விடச் சொல்லிக் கத்துவது கேட்டது. பிறகு பறைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் விறாந்தையால் ஓடி முற்றத்துக்கு வந்தது. "வா, வந்து முழுகு" என்று சித்தி முறைக்காரி கூப்பிட்டாள். "வாறன்" என்று சொல்லிவிட்டு ஞானாம்பிகை வேலியடியிலேயே நின்றாள்.

பெட்டியின் அகலத்துக்கு வேலி கொஞ்சம் பதிந்திருந்தது. அந்த இடத்துக் கொழுந்துகள் நசிந்தும் முறிந்தும் கிடந்தன. அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்துத் தடவினாள். கொப்புகள் கொஞ்சம் நிமிர்ந்தன, கொஞ்சம் நிமிரவில்லை. இப்படி அதைத் தொடுவது இதுதான் முதல் தரம் என்று நினைத்தாள். அது சரியோ என்றும் தெரியவில்லை.

கிணற்றடியில் அவளுக்குத் தலையில் தண்ணீர் வார்த்தார்கள். சவர்க்காரம் போட்டு முகம், கழுத்து, கை எல்லாம் தேய்த்துவிட்டார்கள். திருநீறு போனது, சந்தனம் போனது, நேற்றிலிருந்து ஒட்டியிருந்த ஊதுவத்தி மணமும் போனது. உள்ளங்கையில் மட்டும் கிளுவைப் பால் பிசினாகக் காய்ந்து, பச்சை மாங்காய் மணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"உது தண்ணிக்குப் போகாது அம்மா" என்றாள் உதயகலா, பின்னறை யன்னலிலிருந்து. "தேங்காயெண்ணெய் தரட்டோ?"

"வேண்டாம்."

ஞானாம்பிகை விரல்களை உள்ளுக்கு மடக்கிக்கொண்டாள். மற்றக் கையால் வாளியை எடுத்துத் தலையில் வார்த்தாள்.